நிமிர்ந்து நில், பேசாத பிள்ளையே!

திம்புள்ளத் தோட்டத்துத் தம்பியே, தங்கச்சியே! ஞாயிறு ஆராதனையில் எல்லோரும் கைதட்டிப் பாடும்போது நீ கடைசி வாங்கில் உதட்டை மட்டும் அசைக்கிறாய். சாட்சி சொல்லக் கூப்பிட்டால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. "இந்தப் பிள்ளைக்கு விசுவாசம் போதாது" என்று யாரோ சொன்னதைச் சுமந்துகொண்டு லயத்துக்குத் திரும்புகிறாய். அந்தச் சுமையை இன்றே இறக்கிப் போடு! அது உன் பாவமல்ல, உன் சுபாவம். போதகர் ஒருவரின் மகனான உளவியல் அறிஞர் கார்ல் யுங், உள்ளே திரும்பும் அகமுகம், வெளியே திரும்பும் புறமுகம் என்று மனித இயல்பை 1921இல் வகுத்துக் காட்டினார். இரண்டும் இயல்புதான், இரண்டில் எதுவும் நோயல்ல.

வேதத்தைத் திற. மோசே யார்? தனக்கு வாக்குவன்மை இல்லையென்று ஆண்டவரிடமே மன்றாடியவன். ஆரோன் யார்? நன்றாகப் பேசத் தெரிந்தவன். மோசே சீனாய் மலையில் நாற்பது நாள் இருந்தபோது கீழே ஜனங்கள் நெருக்கினார்கள். பேச்சாளன் ஆரோன் பணிந்துபோய்ப் பொன் கன்றுக்குட்டியை வார்த்துக் கொடுத்தான். கூட்டத்துக்கு வளைந்தவன் பேசத் தெரிந்தவன். கூட்டத்தை நிமிர்த்தியவன் பேசத் தயங்கியவன்! இயேசுவும் பன்னிருவரைத் தெரிந்தெடுக்குமுன் இராமுழுதும் மலையில்தான் ஜெபித்தார்.

பிரான்சின் லிசியு நகரத்துத் தெரேசாவைப் பார். 15 வயதில் கார்மேல் மடத்துக்குள் போனவள், 1897இல் 24 வயதில் அங்கேயே இறந்தாள். எந்த நாட்டுக்கும் ஊழியத்துக்குப் போகவில்லை. ஆனாலும் முத்துக்குளித்துறையில் ஊர் ஊராகப் பிரசங்கித்த சவேரியாரோடு அவளையும் மறைபரப்புப் பணியின் பாதுகாவலியாக 1927இல் பாப்பரசர் அறிவித்தார். ஓடியவருக்கும் ஒதுங்கியிருந்தவளுக்கும் ஒரே கனம்!

லயத்துக் காம்பராவில் தனிமை ஏது என்கிறாய். நியாயம்தான். ஒரே காம்பராவில் மூன்று தலைமுறை, சுவருக்கு அப்பால் அடுத்த வீட்டு ரேடியோ. ஆனால் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்கு முன்னான விடியல் இருக்கிறது, தேயிலை மலைக்குள் ஏறும் பாதை இருக்கிறது. அங்கே ஜெபி. யாரிடமும் அனுமதி கேட்காதே.

ஒன்றை மறந்துவிடாதே: அமைதி வேறு, பயம் வேறு. பயந்து ஒளிந்துகொண்டு அதற்குச் சுபாவம் என்று பெயர் வைக்காதே. திக்கும் நாவோடுதான் மோசே பார்வோன் முன் நின்றான். கூலியில் அநியாயம் நடந்தால், ஒரு பெண்பிள்ளைக்கு அவமானம் நேர்ந்தால், வாயைத் திற! நான்கு சொல் போதும்; நான்கும் உண்மையாக இருக்கட்டும்.

உனக்கு வேலை காத்திருக்கிறது. 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனின் உபதேசிமார் தோட்டம் தோட்டமாக நடந்துதான் இந்த மலைகளில் சபையை வளர்த்தார்கள். நீயும் நட. படுக்கையில் கிடக்கும் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் சொல்வதைக் கேள். ஞாயிறு பாடசாலையில் ஐந்து பிள்ளைகளுக்குக் கதை சொல். சாட்சியை எழுதிவைத்து வாசி.

போதகர்மாரே, வாலிபர் தலைவர்மாரே! விசுவாசத்தைச் சத்தத்தால் அளக்காதீர்கள். மைக்கை நீட்டி இந்தப் பிள்ளைகளை வெட்கப்படுத்தாதீர்கள். பொறுப்பைக் கொடுங்கள், செய்து காட்டுவார்கள்.

பிள்ளையே, உன்னை இப்படிப் படைத்தவர் தவறு செய்யவில்லை. இன்னொருவனாக மாறப் பாடுபட்டது போதும். எழுந்து உன் ஊழியத்தைத் தொடங்கு!