உறவுதானே, பட்டா எங்கே?

கொல்கத்தாவின் டாக்குரியா பக்கம், ஈஸ்ட் பெங்கால் – மோகன் பகான் கால்பந்தாட்ட நாளில் போய்ப் பாருங்கள். பத்மா நதியைக் கண்ணால்கூடப் பார்த்திராத பேரன், தாத்தாவின் ஊரைச் சொல்லித் தன்னை 'பாங்கால்' (கிழக்கு வங்கத்தான்) என்பான். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் வீட்டில் ஹில்சா மீன். இந்திய-வங்கதேச எல்லைக்கு இரு பக்கமும் தேசிய கீதம் தாகூருடையது. ஸ்லாவிய இனங்களை ஒன்றுசேர்க்க 1848இல் பிராக் நகரில் மாநாடு கூட்டியவர்கள் இந்த ஒட்டுறவைக் கண்டு பொறாமைப்பட்டிருப்பார்கள்.

சரி, இந்த உறவுக்கு விலை கேட்டால்?

பிரிவினைக்குப் பிறகு வந்த அகதிகள் டாக்குரியா, ஜாதவ்பூர், டாலிகஞ்ச் சுற்றுவட்டாரத்தில் காலி நிலங்களைப் பிடித்து இரவோடு இரவாகக் குடிசை போட்டார்கள். 'ஜபர்தகல் காலனி' என்று பேர். அடியாட்களையும் போலீசையும் எதிர்த்து நின்றார்கள். பின்னாளில் பட்டாவும் கிடைத்தது. பெரும்பாலோர் படித்த, மேல்சாதிக்காரர்கள். பின்னால் வந்த, தாழ்த்தப்பட்ட நாமசூத்திரக் குடியானவர்களை அரசு தண்டகாரண்யக் காட்டுக்கு அனுப்பியது. அவர்களை வங்காளத்திலேயே குடியமர்த்தச் சொல்லிப் போராடியவர்கள் இடதுசாரிகள். 1977இல் அவர்களே ஆட்சிக்கு வந்தார்கள்.

அந்தப் பேச்சை நம்பி 1978இல் திரும்பி வந்தவர்கள் சுந்தரவனத்தில் மரிச்ஜாப்பி தீவில் குடியேறினார்கள். 1979 ஜனவரியில் தீவைப் போலீஸ் படகுகள் சூழ்ந்தன. சோறும் தண்ணீரும் போகாமல் தடுத்தார்கள், சுட்டார்கள், மே மாதம் மொத்தமாக விரட்டினார்கள். செத்தவர் கணக்கில் அரசு சொன்னதும் பிழைத்தவர்கள் சொன்னதும் ஒட்டவே ஒட்டாது. முதலமைச்சர் ஜோதி பாசுவின் பூர்வீகமோ டாக்கா அருகே பாரோதி கிராமம்! காப்புக்காடு என்று காரணம் சொன்னார்கள். காலனிக்காரர்கள் பிடித்தது மட்டும் அவர்கள் அப்பன் வீட்டு நிலமா? ஒரே மொழி, ஒரே காரியம். ஒருவனுக்குப் பட்டா, இன்னொருவனுக்குத் துப்பாக்கிக் குண்டு. நடுவில் நின்றது சாதி.

ஸ்லாவியர்களைப் பிரிக்க மதம் போதுமானதாக இருந்தது. செர்பியரும் போஸ்னிய முஸ்லிமும் பேசிக்கொள்ள மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சாவில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை போஸ்னிய செர்பியப் படை கொன்றது.

நாம் யோக்கியமா? 1983 முதல் ஓடிவந்த ஈழத்தமிழர் முகாம்களுக்கு 2021இல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றினோம். அங்கேயே பிறந்த பலருக்கு இன்னும் குடியுரிமை இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயரே கிடையாது. மாநிலங்களவையில் அதற்கு ஆதரவாகக் கை தூக்கியவர்களில் தமிழகத்து உறுப்பினர்களும் உண்டு. மேடையில் யாராவது 'தொப்புள்கொடி உறவு' என்று முழங்கினால், கைதட்டுமுன் அவர் கட்சி அன்றைக்கு எப்படி வாக்களித்தது என்று கேளுங்கள்.