எந்த நாளும் அல்லாத தேதி

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அலுவலகத்து மடிக்கணினி ஒன்று தூங்கப் போனால் எழுந்திருப்பதில்லை. விசிறி சுழலும், திரை இருட்டாகவே கிடக்கும். பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தால் நினைவகத்தில் இருந்ததெல்லாம் போய்விடும். எங்கே நின்றது என்று சொல்ல ஒரு வரிப் பதிவும் மிஞ்சாது.

இதற்கு லினக்ஸ் கர்னலில் ஒரு வழி இருக்கிறது. 2006இல் லினஸ் டோர்வால்ட்ஸ் சேர்த்தது. அதை இயக்கிவிட்டால், தூங்கும்போதும் எழும்போதும் ஒவ்வொரு சாதனமாகத் தொடுகையில், அதன் அடையாளத்தை ஓர் எண்ணாகச் சுருக்கி, பொத்தான் பேட்டரியில் ஓடும் கடிகாரத்தில் கர்னல் எழுதிவிடும். அணைத்துப் போட்டாலும் அழியாதது அந்தக் கடிகாரம்தான். மூன்று நிமிடத்துக்குள் மறுபடி கிளப்பினால் எண்ணைப் படித்துவிடலாம். ஆனால் சரியான நேரம் போய்விடும்.

அதை இயக்கி, தூங்க வைத்து, மறுபடி கிளப்பியபோது தேதி எந்த ஆண்டிலோ இருந்தது. கிள்ளானுக்குக் கொமுட்டர் ரயிலில் திரும்பும்போதும் அந்தத் தேதி என்னை விடவில்லை. எங்கே நின்றோம் என்று சொல்வதற்காக, இப்போது மணி என்ன என்பதையே அந்தக் கடிகாரம் விட்டுக்கொடுத்திருக்கிறது.

பாட்டி வீட்டுக் கடிகாரம் நினைவுக்கு வந்தது. 1982 ஜனவரி 1ஆம் தேதி, சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்கட்டுமென்று மலேசியத் தீபகற்பத்துக் கடிகாரங்களை அரை மணி முன்னால் தள்ளினார்கள். பள்ளிக்கூடம், பஸ், வானொலி எல்லாம் மாறின. பாட்டி வீட்டுச் சுவர்க் கடிகாரம் மட்டும் மாறவில்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போய், தண்டல் பேர் கூப்பிட, ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவர் பாட்டி. “வெயில் ஏறினா பால் நின்னுடும். அது கவர்மெண்டு மணியா பாக்குது?” என்பார். அரை மணி கூட்டிப் படிக்க நாங்கள் பழகிக்கொண்டோம். ஜப்பான்காரன் காலத்தில் இங்கே தோக்கியோ நேரம் ஓடியது என்று பிற்பாடு எங்கோ படித்தேன். பாட்டி அதையும் பார்த்தவர். மணி இப்படி மாறிக்கொண்டே இருந்தால், ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளத் தோன்றுவது நியாயம்தான்.

கணினியில் அந்த எண்ணுக்கு இரண்டு சாதனங்கள் பொருந்தின. சுருக்கிய எண் என்பதால் அப்படி நேரும். அவற்றில் ஒன்று வைஃபை; அதன் டிரைவரைக் கழற்றிவிட்டுத் தூங்க வைத்தேன், எழுந்தது. பாட்டியின் அரை மணிக்கு அப்படியொரு சோதனை கிடையாது. பிடிவாதம் என்றாலும் பொருந்துகிறது, பழக்கம் என்றாலும் பொருந்துகிறது, நாற்காலி போட்டு ஏறி முள்ளைத் திருப்ப ஆளில்லை என்றாலும் பொருந்துகிறது.

நின்ற இடத்தை மறக்காதவருக்கு இன்றைய மணி தப்பித்தான் போகுமா? போகும் என்றுதான் ரயிலில் நினைத்தேன். ஆனால் பாட்டி ஒரு பஸ்ஸையாவது தவறவிட்டதாக எனக்கு நினைவில்லை. என் கணக்கே தப்போ என்னவோ.