தெளிவெல்லாம் உண்மை ஆகுமா?

அரக்கோணம் இரயில் சந்திப்பில் பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் நமக்குண்டு. அவர் கைக்குழந்தையாய் இருந்தபோதே தாயார் இறைவனடி சேர்ந்துவிட்டார். தாயின் முகத்தைக் காட்ட அவரிடம் இருந்தது ஒரே ஒரு படம்தான். உறவினர் திருமணத்தில் நாற்பது பேர் வரிசையாய் நின்று எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைப் படம் அது. அதன் பின்வரிசையில், மிளகளவு முகத்தோடு அந்த அம்மையார் நிற்கிறார்.

அண்மையில் நண்பரின் பேரன் அப்படத்தைக் கைப்பேசியில் பிடித்து, அதற்கென உள்ள செயலி ஒன்றில் இட்டுப் பெரிதாக்கினான். சில நொடிகளில் இமையும் மூக்குத்தியும் துலங்க, அழகிய முகம் ஒன்று திரையில் தோன்றியது. நண்பர் அழுதே விட்டார். அதைச் சட்டமிட்டு, மாலையிட்டுக் கூடத்தில் மாட்டினார். நினைவுத் திருப்பலிக்காக ஆம்பூரிலிருந்து வந்த அவருடைய சித்தி, எண்பதைக் கடந்தவர், அப்படத்தை நெடுநேரம் உற்றுப் பார்த்தார். பின்பு, "யாருப்பா இந்தப் பொண்ணு?" என்று கேட்டார்.

அக்கேள்வி அன்றுமுதல் நம்மை விட்டு அகலவில்லை. தெளிவாய்த் தெரிவதெல்லாம் உண்மைதானா?

மங்கலானதைத் தெளிவாக்குவதே தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. மறைந்து கிடப்பதை வெளிக்கொணர்வது ஒரு நற்பணி. கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீசின் நூல்களைப் 10ஆம் நூற்றாண்டில் ஒருவர் விலங்குத்தோல் ஏடுகளில் படியெடுத்தார். 1229இல் அவ்வெழுத்துகளைச் சுரண்டிவிட்டு, அதே ஏடுகளில் செபநூல் ஒன்றை எழுதிவிட்டனர். 1998இல் ஏலத்தில் விற்கப்பட்ட அந்நூலை, அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பல நிற ஒளிகளின் கீழ்ப் படமெடுத்து ஆராய்ந்தனர். பழைய மையிலிருந்த இரும்பை எக்ஸ் கதிரால் தேடியும் கண்டனர். அழிந்ததாய் எண்ணிய வரிகள் மீண்டும் எழுந்தன. தோலோடு வாழும் நம் வட்டாரத்தாருக்கு இது வியப்பாய் இராது. தோல் தன்மேல் பட்ட தழும்பை எளிதில் மறப்பதில்லை.

ஹபிள் விண்தொலைநோக்கியின் கதையும் இத்தகையதே. 1990இல் அது விண்ணில் ஏறிய பிறகுதான், அதன் ஆடியின் விளிம்பு 2.2 மைக்ரான் அளவு தவறாகத் தேய்க்கப்பட்டிருந்தது தெரியவந்தது. புள்ளியாய்த் தெரிய வேண்டிய விண்மீன் ஒவ்வொன்றும் எவ்வாறு பரவித் தெரிகிறது என்பதை அறிவியலார் அளந்தனர். அப்பரவலைக் கணக்கிட்டு நீக்கிப் படங்களைத் திருத்தினர். 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் சென்று திருத்தக் கருவியைப் பொருத்தும்வரை இம்முறையே கைகொடுத்தது. பிழை இன்னதென்று அறிந்து, அதை மட்டும் விலக்கினார்கள். தம்மிடமிருந்து எதையும் சேர்க்கவில்லை.

நண்பர் வீட்டில் நிகழ்ந்ததோ வேறு. ஒரு முகம் அகலத்தில் 20, உயரத்தில் 20 புள்ளிகளாகப் பதிவாகியிருப்பதாகக் கொள்வோம். நம்மிடம் இருப்பவை மொத்தம் 400 புள்ளிகள். அதை எட்டு மடங்கு பெரிதாக்கினால் 25,600 புள்ளிகள் வேண்டும். ஒரு புள்ளி இருந்த இடத்தில் இப்போது 64. எஞ்சிய 63 எங்கிருந்து வந்தன? கணினி முன்னரே பார்த்துப் பழகிய எண்ணற்ற அயலார் முகங்களிலிருந்து அவை ஊகித்து நிரப்பப்பட்டன.

2020இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் இத்தகைய முறை ஒன்றை வெளியிட்டனர். முன்னாள் குடியரசுத் தலைவர் பராக் ஒபாமாவின் மங்கிய படம் ஒன்றை அதில் இட்டபோது, அது வெள்ளையர் ஒருவரின் முகத்தைத் தெள்ளத் தெளிவாய் வரைந்து தந்தது. அது பொய் சொல்ல எண்ணவில்லை. அதற்கு எண்ணமே கிடையாது. தான் பெரிதும் பழகியதை எல்லார்மேலும் பூசிவிட்டது, அவ்வளவே. ஒருவரை அவராகவே ஆக்கும் மறுவும் தழும்பும் அதன் கணக்கில் வெறும் அழுக்கு.

"இதனால் யாருக்கு என்ன கேடு? ஓவியரும் கற்பனையாய்த்தானே வரைகிறார்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆயின் ஓவியம் தன்னை ஓவியமென்றே அறிவிக்கிறது. ஆண்டவரின் திருவுருவப் படத்தை வணங்கும் எவரும், வரைந்தவர் அவரை நேரில் கண்டார் என்று எண்ணுவதில்லை. இப்படமோ கண்டதைச் சொல்லும் சாட்சியின் வேடத்தில் வருகிறது. காணாததைக் கண்டதாகச் சொல்வதையே எட்டாம் கட்டளை தடுக்கிறது.

கேடு வீட்டோடு நிற்பதும் இல்லை. இரயில் நிலையக் கேமராவில் மங்கலாய்ப் பதிந்த திருடன் ஒருவனின் முகத்தைக் காவலர் இவ்வாறு தெளிவாக்கினால், அது எந்த அப்பாவியின் முகமாய் முடியுமோ! 2024 மார்ச்சில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கிங் கவுண்டி நீதிமன்றம் ஒரு கொலை வழக்கில் இத்தகைய காணொளியைச் சான்றாக ஏற்க மறுத்தது. அதைக் கொண்டுவந்தது குற்றம் சாட்டப்பட்டவரின் தரப்புதான். எத்தரப்பாயினும் ஊகம் சாட்சியாகாது என்பதே இதிலிருந்து நாம் கற்கும் பாடம்.

ஆகவே, மூலப்படத்தை அழிக்காது காப்போம். திருத்தியதைத் திருத்தியது என்றே எழுதி வைப்போம். எது கண்டது, எது சேர்த்தது என்று கேட்கப் பழகுவோம்.

மாற்கு நற்செய்தியில் பெத்சாயிதாவின் பார்வையற்றவரை நாம் அறிவோம். ஆண்டவர் முதன்முறை தொட்டபோது அவருக்குப் பாதிப் பார்வையே வந்தது. மனிதர்கள் நடமாடும் மரங்களைப் போல் தெரிவதாக அவர் ஒளிவின்றிச் சொன்னார். நன்றாய்த் தெரிகிறது என்று அவர் நடித்திருந்தால், இரண்டாம் முறை அந்தக் கை அவர் கண்களைத் தொட்டிருக்குமா? மங்கலை மங்கல் என்று ஒப்புக்கொள்வதே தெளிவின் முதற்படி.

சித்தி கேட்ட கேள்விக்குப் பின் நண்பர் அந்த முகத்தைச் சுவரிலிருந்து இறக்கினார். பழைய திருமணப் படத்தையே சற்றுப் பெரிதாக்கி, மங்கல் மாறாமல் மாட்டியிருக்கிறார். அன்று மாலை சித்தியின் அருகில் அமர்ந்து, "எங்கம்மா எப்படி இருப்பாங்க, சித்தி?" என்று அவர் கேட்டாராம். சிறுமியாய் இருந்தபோது கிணற்று இராட்டினம் பட்டு இடப் புருவத்தில் விழுந்த வடுவைப் பற்றியும், சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்ளும் பழக்கத்தைப் பற்றியும் அந்த முதியவர் இரவு வெகுநேரம் பேசினார். அறுபது ஆண்டுகளில் இவற்றை அவரிடம் யாரும் கேட்டதில்லையாம்.