யாருடைய வீடு, யாருடைய கனவு?

உரியவர் இன்னாரென்று தெரியாத பழைய வீட்டுப் புகைப்படங்களைத் தேடிச் சேர்த்து, அவற்றின் வழியே காண்போர் மனத்தில் கனவுகளை எழுப்ப முயல்கின்றனர் இக்காலக் கலைஞர் சிலர். அழகிய முயற்சிதான். ஆயினும், கீழ் கோத்தகிரியில் இருந்துகொண்டு இதை எண்ணும்போது ஒரு கேள்வி நெருடுகிறது: பிறர் வாழ்ந்த வீட்டைக் கொண்டு நாம் கனவு காணலாமா?

இம்மலையில் நம் கைக்கு அகப்படும் பழைய வீட்டுப் படங்கள் பெரும்பாலும் துரைமார் பங்களாக்களின் படங்களே. புகைபோக்கியும் ரோஜாப் பாத்தியும் அவற்றில் உண்டு. கொழுந்து பறித்தவர்களின் லைன் வீட்டை யார் படம் பிடித்தார்? படம் உள்ளவர் வீட்டிலிருந்துதான் கனவும் பிறக்குமென்றால், மற்றவர் எங்கே போவது?

1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையிலிருந்து 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. தலைமன்னாரில் கப்பலேறி வந்தவர்களுள் பலர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் குடியேறினர். அவர்களுள் ஒரு மூதாட்டியிடம், பழைய வீட்டின் படம் உண்டா என்று கேட்டேன். "பாஸ்போர்ட்டுல ஒட்டுன எங்க மூஞ்சிதான் இருக்கு தம்பி. வீட்டை யாரு புடிச்சா?" என்றவர், ஒரு குச்சியால் வாசல் மண்ணில் கோடு கிழித்தார். பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னே இஸ்தோப்பு, மூலையில் அடுப்பு. "கனவுல இப்படித்தான் உள்ள போவேன். அடுப்புக்கிட்ட போறதுக்குள்ள முழிப்பு வந்துரும்." நினைவை விசாலமான மாளிகையாகக் கண்டார் புனித அகுஸ்தீன். அம்மாளிகைக்குப் பத்துக்குப் பன்னிரண்டடியே போதும் போலும்!

யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் நாடிச் சென்றதும் இத்தகைய கோடுகளைத்தான். 2011-இல் வெளிவந்த அவருடைய நூலின் பெயரை 'முழுமையுறாத தோம்பு' எனலாம். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்து நிலப்பதிவேடு. போரினால் இடம்பெயர்ந்த 80 பேர், தாம் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து அதில் வரைந்துள்ளனர். அவர்களின் வரைவோடு கட்டடக் கலை முறையிலான வரைபடமும் சனாதனனின் ஓவியமும் சேர்கின்றன. வாழ்ந்தவரின் கை முந்துகிறது. கலைஞரின் கை பின்தொடர்கிறது. இந்த வரிசையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அதற்காக, கண்டெடுத்த படத்தைப் பார்த்துக் கனவு காண்பவரைப் பழிக்க எனக்கு மனமில்லை. பழைய காகிதக் கடையில் மட்கவேண்டிய படத்துக்கு ஒரு பார்வையாவது கிடைக்கிறதே! கேட்பதற்கு உரியவர் எதிரே இருக்கும்போதும் கேளாமல் எடுக்கிறோமே, அதுதான் உறுத்துகிறது. நானும் விலக்கல்ல. அன்று அந்த மண்கோடுகளைப் படமெடுக்க, ஒரு வார்த்தை கேளாமலே கேமராவை உயர்த்தினேன்.

"இரு தம்பி, கதவு தப்பாப் போச்சு" என்று சொல்லி, எல்லாவற்றையும் காலால் அழித்துவிட்டு மீண்டும் வரையத் தொடங்கினார் பாட்டி.