மனத்தின் சுயராஜ்யம்

அந்தமானிலுள்ள ஹேவ்லாக் தீவுக்கு 2018 டிசம்பரில் ‘ஸ்வராஜ் த்வீப்’ எனப் பெயர் மாற்றப்பட்டது. ஆங்கிலேயத் தளபதியின் பெயர் நீங்கி, தன்னைத் தானே ஆளும் நிலையைக் குறிக்கும் பெயர் வந்தது. பலகையில் பெயரை மாற்ற ஒருநாள் போதும். மனத்தில் ஆட்சியை மாற்ற நாள்தோறும் முயல வேண்டும்.

அலுவல்களை மறந்து அமைதி தேடுவோர் இத்தீவின் ராதாநகர் கடற்கரைக்கு வருகின்றனர். படகோட்டிக்கோ அக்கடலே அலுவல். ஒருவரது ஆசை மற்றவரது கடமையாக இருக்கிறது. ஆகவே பாரம் இடத்தில் இல்லை, பற்றிக்கொள்ளும் மனத்திலேயே உள்ளது.

1950-களில் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாய் வந்தோர் இங்கே குடியேறிக் காடு திருத்தினர். இழந்த மண்ணின் ஏக்கம் அவர்களுக்கும் இருந்திருக்கும். ஆனால் ஏக்கத்துக்காக ஏர் நிற்கவில்லை. கோவிந்தநகர், கிருஷ்ணநகர் என அவர்களது ஊர்கள் இறைவன் பெயரைத் தாங்கின. அன்பும் உழைப்பும் ஒரே மண்ணில் கலந்தன.

யோகநெறியும் ஆசையைக் கண்டு அஞ்சி ஓடச் சொல்வதில்லை. பதஞ்சலி முனிவர் மனத்தை அடக்க இடைவிடாப் பயிற்சியையும் பற்றின்மையையும் சேர்த்தே கூறினார். விருப்பம் எழும்போது சில மூச்சுகளைக் கவனித்து, ‘இதனால் யாருக்கு உரியது குறைகிறது?’ என்று கேட்பதும் அப்பயிற்சியே. எவருக்கும் குறை வைக்காத ஆசை கடமைக்குத் துணையாகும். குறை வைப்பது காத்திருக்கட்டும். ஆசையைக் காத்திருக்க வைக்கக் கற்ற மனமே சுயராஜ்யம் பெற்ற மனம்.