மாப்பிள்ளை வாட்ச்சும் ஒரு மஸ்அலாவும்

 

 

சிதம்பரத்தில் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் ஹவ்ளு ஓரத்தில் நாம் அமர்ந்திருந்தோம். கடலூர்ப் பெரியவர் ஒருவர் ஸலாம் சொல்லி அருகில் வந்து உட்கார்ந்தார். அவருடைய மகளுக்கு நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீடு சிதம்பரம். இன்னும் பதினொரு நாட்கள்தாம் பாக்கி. கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த ஒரு வாட்ச்சை எடுத்து நம் கையில் கொடுத்தார்.

"ஹஜ்ரத், மாப்பிள்ளைக்குப் போட வாங்கினேன். சுவிட்சர்லாந்து வாட்ச். கடையில் நாலு லட்சத்துக்கு மேலே. தெரிந்தவர் மூலமாக ஒருத்தர் அறுபதாயிரத்துக்குக் கொடுத்தார். பெட்டியும் இல்லை, பில்லும் இல்லை. நம்பரை வைத்துப் பார்த்தால் திருட்டுப் பொருளா என்று விசாரிக்கலாம் என்கிறான் மகன். விசாரிக்காமலே விட்டுவிட்டால் எனக்குத் தெரியாது அல்லவா? தெரியாமல் செய்தால் குற்றமில்லை என்று நீங்களே பயானில் சொல்லியிருக்கிறீர்களே!"

நம்முடைய பயானை நம்மிடமே திருப்பிக் கேட்டார். அன்று நாம் சொன்னது சரிதான். ஆனால் பாதி மஸ்அலாவைத்தான் சொல்லியிருக்கிறோம். மீதியை எழுதுவது நம்மீது கடமையாகிவிட்டது.

அறியாமை இரண்டு வகை. கடைத்தெருவில் நல்ல வியாபாரியிடம் நடப்பு விலை கொடுத்து ஒரு பொருள் வாங்குகிறோம். அது களவுப் பொருளாக இருக்குமோ என்று துருவ வேண்டியதில்லை. ஒரு முஸ்லிமைப் பற்றி நல்லெண்ணம் கொள்வதே கடமை. அப்படி வாங்கியது பிறகு களவுப் பொருள் என்று தெரிந்தால் வாங்கியவர் மீது பாவமில்லை. இது ஒரு வகை.

மற்றொரு வகை, தெரிந்துவிடுமோ என்று பயந்து கண்ணை மூடிக்கொள்வது. நாலு லட்சம் பெறுமான பொருள் அறுபதாயிரத்துக்கு வருகிறது, பில் இல்லை, பெட்டி இல்லை, விற்கிறவர் அவசரப்படுகிறார். இவையெல்லாம் அடையாளங்கள். அடையாளம் தென்பட்ட இடத்தில் கேட்டு அறிய வேண்டும் என்பதை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் ஹலால் ஹராம் பாடத்தில் விரிவாக விளக்குகிறார்கள். ஹலாலும் தெளிவானது, ஹராமும் தெளிவானது, இரண்டுக்கும் நடுவே இருப்பது சந்தேகத்திற்குரியது. அதை விட்டு விலகியவர் தம் தீனையும் மானத்தையும் காத்துக்கொண்டார் என்பது அருமை நபி (ஸல்) அவர்களின் உபதேசம்.

ஹழ்ரத் அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்களை நினைத்துப் பாருங்கள். பணியாள் கொண்டுவந்த உணவை உண்டுவிட்டார்கள். அது அறியாமைக் காலத்தில் குறி சொன்னதற்குக் கூலியாக வந்தது என்று பிறகே அவன் சொன்னான். தெரியாமல் உண்டதுதானே என்று இருந்துவிடவில்லை. விரலை வாயில் விட்டு வயிற்றில் இருந்ததையெல்லாம் வெளியேற்றினார்கள். நாமோ வாயில் வைக்குமுன்பே கேட்க அஞ்சுகிறோம்!

பெரியவரிடம் இதைச் சொன்னோம். "அப்படியானால் எப்படி விசாரிப்பது?" என்றார்.

கீழே கிடந்து எடுத்த பொருளைப் பற்றிய மஸ்அலாவில் ரசூல் (ஸல்) அவர்கள் முதலில் எதைச் சொன்னார்கள்? பையையும் அதைக் கட்டிய கயிற்றையும் அடையாளம் பார்த்து வைத்துக்கொள். பிறகு ஓராண்டு அறிவிப்புச் செய் என்ற கருத்தில் வழிகாட்டினார்கள். உரியவர் வந்து அடையாளம் சொன்னால் கொடுத்துவிட வேண்டும். அன்று பையும் கயிறும் அடையாளம். இன்று விலையுயர்ந்த வாட்ச்சுக்கு அதன் மீது பொறித்த வரிசை எண்ணே அடையாளம். சிலவற்றில் பின்மூடியில் இருக்கும். சிலவற்றில் வார் சேரும் இடத்தில் மறைந்திருக்கும். சிலவற்றில் கண்ணாடிக்குள் ஓர வளையத்தில் இருக்கும். அந்த எண்ணும் உத்தரவாத அட்டையில் உள்ள எண்ணும் ஒத்திருக்க வேண்டும். எண்ணைச் சுரண்டியிருந்தால் அதுவே பதில். திருட்டுப் போன வாட்ச்சுகளின் எண்களைச் சேர்த்து வைத்துக் கேட்போருக்குப் பார்த்துச் சொல்லும் 'வாட்ச் ரெஜிஸ்டர்' என்ற பதிவேடு லண்டனில் இயங்குகிறது. களவுபோன கலைப்பொருட்களைப் பதியும் 'ஆர்ட் லாஸ் ரெஜிஸ்டர்' நிறுவனத்தின் பிரிவு அது. பழைய செல்போன் வாங்குகிறவர்களுக்கு நம் அரசாங்கமே 'சஞ்சார் சாத்தி' மூலம் வசதி செய்திருக்கிறது. போனில் *#06# அழுத்தினால் வரும் எண்ணைக் கொண்டு விசாரிக்கலாம்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. பதிவேட்டில் பெயர் இல்லை என்பதால் பொருள் ஹலால் ஆகிவிடாது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் சிலை களவுபோய் அமெரிக்க வியாபாரி ஒருவர் மூலம் ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடத்திற்கு 2008-இல் சுமார் 50 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. களவுப் பதிவு எதுவும் இல்லை என்ற சான்றிதழும் கூடவே இருந்தது! களவுபோனதையே யாரும் பதியாதபோது பதிவேடு என்ன செய்யும்? நம் கடலூர் மாவட்டத்து விருத்தாசலம் கோயிலின் அர்த்தநாரீஸ்வரர் கற்சிலையும் அதே வியாபாரி மூலம் சிட்னி கலைக்கூடத்திற்குப் போயிருந்தது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் இரண்டையும் டெல்லியில் நேரில் ஒப்படைத்தார். அவை பிற சமயத்தாரின் பொருட்கள்தாமே என்று நினைக்க வேண்டாம். ஹிஜ்ரத் இரவில், தம்மைக் கொல்லத் துடித்த மக்கத்துக் காஃபிர்களின் அமானிதங்களை உரியவர்களிடம் சேர்க்க ஹழ்ரத் அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். உரிமை என்று வந்தால் உரியவரின் மதத்தை மார்க்கம் பார்ப்பதில்லை.

வாட்ச் கதையும் உண்டு. கால்பந்து வீரர் மாரடோனாவின் நினைவாக வைத்திருந்த ஹூப்லோ வாட்ச் ஒன்று துபாயில் காணாமற்போய், 2021 டிசம்பரில் அஸ்ஸாமின் சிவசாகரில் போலீசாரால் கைப்பற்றப்பட்டது. கடல் கடந்தாலும் பொருளுக்கு உரியவர் உரியவர்தாம்.

ஃபிக்ஹு சட்டமும் இதுவே. களவுபோன பொருள் பத்துக் கை மாறினாலும் உரியவரின் உடைமைதான். அவர் அடையாளம் காட்டினால் கொடுத்துவிட வேண்டும். வாங்கியவர் தாம் கொடுத்த பணத்தை விற்றவரிடம் கேட்க வேண்டும். விற்பவருக்கு இல்லாத உரிமை வாங்குபவருக்கு வராது என்பதே 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் பொது விதியும். தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ நேர்மையின்றித் திருட்டுப் பொருளை வாங்கினால் மூன்றாண்டு வரை சிறை உண்டு. இது முன்பு தண்டனைச் சட்டத்தின் 411-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவு. 'நம்பக் காரணம் இருந்தும்' என்பதைக் கவனியுங்கள். கண்ணை மூடிக்கொண்டவரை உலகச் சட்டமே விடுவதில்லை. உள்ளங்களை அறிந்த நாயன் விடுவானா?

அபகரித்த உடையில் தொழுதால் தொழுகை கூடும், ஆனால் குற்றம் சேரும் என்பது ஷாஃபிஈ, ஹனஃபி இமாம்களின் தீர்ப்பு. வக்து பார்க்கக் கட்டிய வாட்ச்சே வினையாகலாமா?

பெரியவர் பேசாமல் எழுந்து போனார். நாலு நாள் கழித்துத்தான் வந்தார். மகன் எண்ணை அனுப்பி விசாரித்ததில் களவு என்று பதிவு இல்லை. சந்தோஷமாக விற்றவரிடம் போய், "எங்கே வாங்கினீர்கள்? ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டிருக்கிறார். அந்த ஆள் நாளை என்றார். மறுநாள் போனை அணைத்துவிட்டார்.

"இப்போது என்ன செய்ய, ஹஜ்ரத்?"

"விற்றவரிடம் திருப்பிக் கொடுத்தால் இன்னொருவர் தலையில் கட்டுவார். வேறொருவருக்கு விற்றால் அந்தப் பாவம் உங்களுடையது. உரியவரைத் தேடும் அதிகாரம் உள்ளவர்களிடம் ஒப்படையுங்கள்" என்றோம். சொல்வது நமக்கு எளிது, அறுபதாயிரம் அவருடையது. நகைக்கும் பந்திக்கும் போக மிஞ்சிய பணம் அது. அவர் காவல் நிலையத்தில் மனு எழுதிக் கொடுத்து, வாட்ச்சை ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டார். பணம் இன்றுவரை திரும்பவில்லை.

மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வார்களோ என்றுதான் அவருக்குக் கவலை. நடந்ததை மறைக்காமல் சொன்னார். சம்பந்தி சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "வாட்ச் போடச் சொல்லி நாங்கள் கேட்கவேயில்லையே, பாய்!" என்றாராம்.

சகோதரர்களே! கேட்காத சீருக்காகவும் ஊர் மெச்சவும் நாம் எத்தனை வாசல்களில் ஹராமை வரவேற்கிறோம்! மலிவாக வரும் பொருளைத் தொடுமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: யாருடையது? எப்படி வந்தது? எழுதித் தருவீர்களா? உங்கள் பொருள் களவுபோனால் எண்ணோடு உடனே புகார் கொடுங்கள். அதை வாங்க இருந்த ஒரு சகோதரரையும் அது ஹராமிலிருந்து காக்கும்.

வல்ல நாயன் நம் உணவையும் உடையையும் நம் பிள்ளைகளின் நிக்காஹ்களையும் ஹலாலானதைக் கொண்டே அலங்கரிப்பானாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.