வணிகன் மறைக்காத செய்தி

பாரசீக மொழியை நாம் அறியோம். ஆயினும் அம்மொழிக் கதையொன்றைக் கொல்லிமலையின் வாழவந்தி நாட்டில், ஒரு மாலை மறைக்கல்வி முடிந்தபின் பிள்ளைகளுக்குச் சொல்ல நேர்ந்தது. 1273-இல் மறைந்த ஜலாலுத்தீன் ரூமியின் ‘மஸ்னவி’ முதல் நூலில் உள்ள கதை அது.

வணிகன் ஒருவன் கூண்டில் கிளி வளர்க்கிறான். அவன் இந்தியாவுக்குப் புறப்படுகையில், அங்குள்ள கிளிகளிடம் தன் சிறைவாழ்வைச் சொல்லி, வழி கேட்டுவரும்படி கிளி வேண்டுகிறது. அவன் சொன்னதும் இந்தியக் கிளியொன்று நடுங்கி விழுந்து இறக்கிறது. ஊர் திரும்பியவன் அதைச் சொல்லத் தயங்குகிறான், கிளி விடவில்லை. கேட்டதும் அதுவும் விழுகிறது. அழுதபடியே அவன் அதை வெளியே எறிய, கிளி பறந்து மரக்கிளையில் அமர்கிறது. இறந்ததுபோல் கிட என்பதே அங்கிருந்து வந்த செய்தி.

முன்வரிசையில் இருந்த சிறுமியின் முகம் வாடுவதைக் கண்டு, ‘இறந்தது’ என்பதைத் ‘தூங்கிவிட்டது’ என மாற்றிவிட்டோம். உடனே ஒரு சிறுவன் கேட்டான்: “தூங்குற கிளிய எதுக்குங்க வெளியே வீசினாரு?” நம்மிடம் விடையில்லை.

பிறமொழிச் செல்வத்தை எளியோர்க்கு எடுத்துத் தருபவர் எதை விடலாம்? நீளத்தைக் குறைக்கலாம், கடினமான பெயர்களைத் தவிர்க்கலாம். மஸ்னவியை 1926 முதல் 1934 வரை ஆங்கிலத்தில் வெளியிட்ட நிக்கல்சன், கூச்சம் தரும் பகுதிகளை மட்டும் லத்தீனில் பெயர்த்தார். (குருமடத்தில் லத்தீன் கற்றோர்க்கு அவர் தடை ஏதும் வைக்கவில்லை!) அக்கதைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லாதிருப்பது முறையே. ஆனால் சொல்லத் தொடங்கிய கதையின் உயிர்நிலையை அறுப்பது வேறு. பெரிய வெள்ளியை விட்டுவிட்டு உயிர்ப்பு ஞாயிறை எந்த மறைக்கல்வி ஆசிரியரேனும் கற்பிப்பாரோ?

மூலமொழி அறியாமையை நாம் பெருங்குறையாக எண்ணவில்லை. உமர் கய்யாமைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை நமக்குத் தந்ததும் பிட்ஸ்ஜெரால்டின் ஆங்கில வழியேதான். அந்த ஆங்கிலமோ மூலத்தைத் தன் விருப்பம்போல் வளைத்துக்கொண்டது. வழி இதுவென வாசகர்க்குச் சொல்லிவிட்டால் போதும். அவ்வணிகனுக்குத் தான் சுமந்த செய்தி விளங்கவே இல்லை. விளங்காததை, துயரம் தரும் என்று அஞ்சியதை, முழுமையாகச் சொன்னான். நம்மைப்போல் அவனும் இரக்கத்தால் மாற்றியிருந்தால் கிளி கூண்டிலேயே கிடந்திருக்கும்.

மறுவாரம் அதே பிள்ளைகளிடம், சென்ற முறை மாற்றிச் சொன்னோம் என்று ஒப்புக்கொண்டு, கதையை மீண்டும் சொன்னோம். அச்சிறுமி அழுதாள். கிளி கிளையில் அமர்ந்தபோது, “அந்தக் கிளியும் எந்திரிச்சிருச்சா?” என்று இந்தியக் கிளியைப் பற்றிக் கேட்டாள்.